சபைக் கூச்சம் ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு ஒரு விதமா?

கேள்வி: ஜூலை 6, 2024

சமூகப் பதற்றம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்று படிக்கும் இடமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் அலுவலகத்தில் இதற்காக மனநல மருத்துவரிடம் சென்றதாக எனக்குத் தெரிந்த மூவருமே ஆண்கள். கணக்கு எங்கே இடிக்கிறது? (வேளச்சேரி வாசகர்)

ஜூலை 6, இரவு

இரண்டும் சரி, எண்ணுகிற இடம்தான் வேறு. அமெரிக்காவில் 1990 முதல் 1992 வரை வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கெடுப்பில், பிறர் தம்மை எடைபோடுவார்களே என்று அஞ்சும் இந்தச் சமூகப் பதற்றக் கோளாறுக்கு வாழ்நாளில் எப்போதேனும் ஆளானவர்கள் பெண்களில் 15.5 விழுக்காடு, ஆண்களில் 11.1 விழுக்காடு என்று வந்தது. சுமார் பத்தாண்டுகள் கழித்து வேறொரு கேள்வித்தாளைக் கொண்டு எடுத்த இன்னொரு பெரிய கணக்கெடுப்பில் இவ்வெண்கள் 5.67, 4.20 என்று பாதிக்கும் கீழே இறங்கின. ஆனாலும் பெண்கள் பக்கமே கூடுதல். மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணினாலோ இந்த வேறுபாடு காணாமல் போகிறது. சில இடங்களில் ஆண்களே சற்று அதிகமாக இருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேடே இதைக் குறிப்பிட்டு, ஆண் என்பவன் எப்படி இருக்க வேண்டும் என்று சமூகம் வைத்திருக்கும் எதிர்பார்ப்பே அவனை மருத்துவரிடம் தள்ளுவதாக விளக்குகிறது.

ஆகவே தங்கள் அலுவலகத்து மூவரும் விதிவிலக்கல்லர். அதே தொல்லையை வைத்துக்கொண்டும் மருத்துவரிடம் போகாத பெண்கள் அந்த அலுவலகத்தில் எந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

ஜூலை 7

கூச்சத்தையெல்லாம் நோயாக்காதீர்கள் என்று ஒருவர் கடிந்துகொண்டிருக்கிறார். யாரும் ஆக்கவில்லை. அச்சம் ஏறத்தாழ 6 மாதமாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ கெடுத்தால்தான் அது கோளாறு என்ற கணக்கில் வரும். 1980இல்தான் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் கிடைத்தது. 1985இல்கூட மைக்கேல் லீபோவிட்ஸ் என்ற மருத்துவர், புறக்கணிக்கப்பட்ட கோளாறு இது என்று குறைப்பட்டே எழுத வேண்டியிருந்தது. பெரும்பாலோருக்கு இது 8 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தொடங்கிவிடுகிறது என்பதால், வேலைக்குப் போனால் தானாகச் சரியாகிவிடும் என்ற நம் வீட்டு வைத்தியம் பத்தாண்டுகள் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

ஜூலை 9

என் கதையைச் சொன்னால்தான் அடுத்ததைச் சொல்ல முடியும். நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி வருவதற்கு முந்தைய நாட்களில் டிமாண்டு டிராஃப்டில் அதிகாரி கையெழுத்திடும் வரை வாடிக்கையாளர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தனியே இருக்கும்போது ஓடுகிற என் கை, ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் முதல் எழுத்திலேயே இறுகிவிடும். பேனாவை அழுத்திப் பிடித்த கட்டைவிரல் நகம் வெளுத்துப் போகும். எழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சிறுத்து, பெயருக்கு அடியில் இழுக்கும் கோடு நடுங்கிக் கீழே இறங்கும். காசோலைகளில் "கையொப்பம் வேறுபடுகிறது" என்று எழுதித் திருப்பி அனுப்புவது என் வேலை. என் கையொப்பமோ யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேறுபட்டது. ஆகவே "உட்காருங்க சார், கொடுத்தனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, லாக்கர் அறைப் பக்கம் போய்க் கையெழுத்திட்டு வருவேன். வாடிக்கையாளர்களைக் காக்க வைப்பதில் எனக்கு ஒரு சுகம் என்று கிளையில் பேச்சு. நான் அதை மறுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்பதைவிடத் திமிர் பிடித்தவன் என்ற பெயர் ஓர் அதிகாரிக்குப் பொருத்தமாகவே இருந்தது.

அதே கிளையில் என்னைவிடக் கெட்டிக்காரியான எழுத்தர் அம்மையார் ஒருவர் இருந்தார். பதவி உயர்வுக்கு அவர் விண்ணப்பித்ததே இல்லை. "பசங்க படிக்கறாங்க சார், டிரான்ஸ்ஃபர் போட்டுட்டா யார் பாத்துக்கறது?" என்பார், நாங்கள் எல்லாரும் தலையசைப்போம். ஓய்வு பெற்ற பிறகு மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தருகே பார்த்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: எழுத்துத் தேர்வு அவருக்கு ஒரு பொருட்டே இல்லையாம், எதிரே வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்கும் நேர்காணலை நினைத்தால்தான் வயிற்றைப் பிசையுமாம். பிள்ளைகள் இருவரும் படித்து முடித்து வேலைக்கே போய்விட்ட பிறகும் தாம் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததையும், ஒருவர்கூடக் கணக்குப் பார்க்காததையும் சொல்லிச் சிரித்தார்.

ஆண் ஒருவன் அக்காரணத்தைச் சொல்லியிருந்தால் மேலாளர் அறைக்குள் அழைத்து விசாரித்திருப்பார். பெண்ணுக்குச் சாக்கு ஊரிலேயே தயாராகக் கிடைக்கிறது. ஆண் தன் சாக்கைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். அது தீர்ந்துபோகிற நாளில் அவன் மருத்துவரிடம் போய் நிற்கிறான்.

ஜூலை 10

தாம்பரத்திலிருந்து எழுதியவர், மின்சார ரயிலில் எந்தப் பெண்ணும் எதிரே இருக்கும் ஆணின் முகத்தைப் பார்ப்பதில்லை, சமூகப் பதற்றம் பெண்களுக்கு அதிகம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்கிறார். இது சான்றே ஆகாது. அச்சம் உண்மையான ஆபத்தின் அளவை மீறியிருந்தால்தான் அது கோளாறு. அதை அளக்கும்போது அந்த ஊரின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நோயறி கையேடே சொல்கிறது. பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்க 1998இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. நெரிசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை மார்போடு அணைத்து நிற்கும் பெண், எப்படி நடந்துகொண்டால் வீடு போய்ச் சேரலாம் என்று தெரிந்து நிற்கிறார். அதே பெண், மகளிர் பெட்டியில் பக்கத்து இருக்கைப் பெண்மணி "இது பல்லாவரம்தானே?" என்று கேட்டதற்குக்கூட வாய் வராமல் தவித்து, அந்தத் தவிப்பை இரவு முழுவதும் நினைத்து நொந்தால், அப்போது பேசலாம்.

கேள்வித்தாள் வைத்து எண்ணுபவர்களுக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. அறிமுகமில்லாதவரைக் கண்ணுக்குக் கண் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று இரு பாலாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம். சென்னையில் அது ஒரே கேள்வி அன்று.

ஜூலை 13

எந்தெந்தச் சூழலில் யாருக்கு அச்சம் அதிகம் என்று கேட்டிருக்கிறார்கள். லீபோவிட்ஸ் 1987இல் வெளியிட்ட அளவுகோலில் 24 சூழல்கள் உள்ளன. சிகிச்சைக்கு வந்தவர்களிடம் இப்படிப்பட்ட சூழல்களைப் பற்றிக் கேட்டு 1998இல் ஓர் ஆய்வு வந்தது. மேலதிகாரியிடம் பேசுதல், கூட்டத்தில் எழுந்து பேசுதல், ஒருவர் பார்க்க வேலை செய்தல், எல்லாரும் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைதல், மறுத்துப் பேசுதல், விருந்து கொடுத்தல் எனப் பலவற்றில் பெண்களின் அச்சமே கூடுதலாக இருந்தது. ஆண்களுக்குக் கூடுதலாக இருந்தவை இரண்டு: பொதுக் கழிப்பறையில் சிறுநீர் கழித்தல், வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுத்தல்.

சிரிக்க வேண்டாம். இரண்டாவது எனக்கு நன்றாகத் தெரியும். தியாகராய நகர்க் கடைகளில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகையைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்ட வாடிக்கையாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்திருந்தேன். கழுத்து இறுக்கும் சட்டைகள் என் அலமாரியில் பல உண்டு. ரசீதும் சட்டைப்பையிலேயே இருக்கும். என் மனைவி அதே தெருவில், பில் போட்டுப் பையில் கட்டிய புடவையைப் பிரித்து, முந்தானையில் இழை ஓடியிருப்பதை விரலால் காட்டி மாற்றி வாங்கிக்கொண்டு வருவாள். கடைக்காரரோடு வாதிடுவது இங்கே பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கப்படும் திறமை. ஆண் வாதிட்டால் கஞ்சன் என்ற பெயர் வரும், அல்லது சண்டையாகும். பெண்கள் பயந்தவர்கள் என்ற பொது விதி அந்தத் தெருவுக்குள் செல்லுபடியாகாது.

முதலாவதைப் பற்றி ஒரு சொல். சாமி படம் ஒட்டிய சுவரைத் தவிர மற்றச் சுவர்களை ஆண்கள் விட்டுவைக்காத நகரம் இது; அதே நகரத்துத் திரையரங்குக் கழிப்பறையில், பக்கத்தில் ஒருவர் வந்து நின்றதும் அடைத்துக்கொண்டு, இடைவேளை முடியும் வரை கதவுள்ள அறைக்குக் காத்து நிற்பவர்களும் உண்டு. இதை எந்த ஆணும் இன்னோர் ஆணிடம் சொல்ல மாட்டான். பெண்ணுக்கு இது பெரிய அச்சமாக வராததற்கு, அவர்களுக்கு எப்போதும் கதவு இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜூலை 13, சற்று நேரம் கழித்து

அந்த 24இல் ஒன்று, ஈர்ப்புக்குரிய ஒருவரிடம் நெருக்கம் நாடிப் பேச முற்படுதல். நங்கநல்லூரில் இதை எப்படிக் கேட்பது? இங்கே அந்த வேலையைத் தரகரும் திருமண இணையதளமும் பார்த்துக்கொள்கின்றன. நமக்கு மிஞ்சியது பெண் பார்க்கும் நாள் மட்டும். அன்று காபித் தட்டு நடுங்கினால் "பொண்ணு அடக்கம்" என்பார்கள். மாப்பிள்ளை கையில் டம்ளர் நடுங்கினால், திரும்பிப் போகிற காரிலேயே பெண்ணின் மாமா, "பையனுக்கு ஏதாவது உடம்புக்கா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

ஜூலை 15

தொல்காப்பியம் அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கும், பெருமையையும் உரனையும் ஆணுக்கும் வகுத்துவிட்டது, எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். களவியலில் காதலர்களைப் பற்றிச் சொன்னதைக் கொண்டுவந்து வங்கி நேர்காணலில் உட்கார வைக்க வேண்டியதில்லை. மேலும், வள்ளுவர் அவை அஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அது 73ஆவது அதிகாரம், அமைச்சியலின் கடைசி. கற்றும் சபையில் நா எழாத ஆண்கள் அன்றும் போதிய அளவு இருந்திருக்கிறார்கள். அவர்களைத் திருத்த 727ஆம் குறள் கையாளும் வழிதான் கவனிக்கத்தக்கது: அவையில் அஞ்சுகிறவனின் கல்வியை, போர்க்களத்தில் பேடியின் கையிலிருக்கும் வாளோடு அது ஒப்பிடுகிறது. அஞ்சுகிற ஆணை ஆண்மை இல்லாதவன் என்று குத்துவது நம் மேலாளர்கள் கண்டுபிடித்ததன்று.

ஜூலை 17

9ஆம் தேதிக் குறிப்பை என் மனைவி படித்தாள். "ஆபீஸ்ல உங்களுக்குச் சாக்கு இல்ல, சரி. கல்யாணத்துக்கு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. உறவினர் திருமணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எதற்கு அழைப்பு வந்தாலும் எனக்கு ஆடிட் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கும் ஆடிட் இருந்தது, யாரும் கேட்கவில்லை. "அவருக்கு ஆடிட்" என்று மண்டபம் மண்டபமாகச் சொல்லிக்கொண்டு என் மனைவி தனியே போய் வந்தாள். அவளுக்கும் அது எளிதாக இருக்கவில்லை என்று இப்போதுதான் சொல்கிறாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு உள்ளே நுழைந்தால் அத்தனை தலையும் திரும்புமே என்று, வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்த மேசையருகிலேயே தெரிந்த முகம் வரும் வரை நிற்பாளாம். உள்ளே போனதும் யாருடைய கைக்குழந்தையையாவது வாங்கி வைத்துக்கொள்வாள்; குழந்தை கையில் இருந்தால் எல்லாரும் குழந்தையைப் பார்ப்பார்கள், பேச்சும் குழந்தையைப் பற்றியே நடக்கும். குழந்தை என்றால் அவளுக்கு உயிர் என்று உறவில் பெயர்.

அலுவலகத்திலிருந்து தப்பப் பெண்ணுக்குக் குடும்பம் என்ற சாக்கு, குடும்பத்திலிருந்து தப்ப ஆணுக்கு அலுவலகம் என்ற சாக்கு. இருவரும் மாட்டிக்கொள்வது தத்தம் சாக்கு செல்லாத இடத்தில். அலுவலகத்தில் ஆண் மாட்டினால் சம்பளம் போகும், பதவி உயர்வு போகும், பெண் கொடுக்க மாட்டார்கள். ஆகவே வீடே சேர்ந்து அவனை மருத்துவரிடம் அழைத்துப் போகிறது. மண்டபத்தில் பெண் மாட்டினால் யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. வேளச்சேரி வாசகரின் கணக்கு இடிக்கும் இடம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இருவர் 1995இல் இக்கோளாறு ஏன் தானாகக் கரைவதில்லை என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அஞ்சுகிறவர் தம்மைக் காத்துக்கொள்ளச் சிறு சிறு தந்திரங்களைச் செய்கிறார். கெடுதல் ஒன்றும் நேராதபோது, தந்திரம் காப்பாற்றியது என்று நம்பிவிடுகிறார். தந்திரம் இல்லாவிட்டாலும் ஒன்றும் நேர்ந்திருக்காது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதே இல்லை. கைக்குழந்தை ஒரு தந்திரம். என் லாக்கர் அறை ஒரு தந்திரம். பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்து, யார் பக்கத்திலும் உட்காராமல் திருமணத்தை முடித்துவிடும் என் தங்கை மகனுக்குப் "பொறுப்பான பையன்" என்று பெயர். ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்திரங்கள் வேறு வேறு. இரண்டுக்கும் பாராட்டு கிடைப்பதுதான் தொல்லை.

ஜூலை 21

மதுவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 5.67, 4.20 என்று முதல் நாள் எழுதினேனே, அதே கணக்கெடுப்பை ஆணுக்கும் பெண்ணுக்கும் பிரித்துப் பார்த்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. அச்சத்தைத் தணிக்க மதுவையும் போதைப்பொருளையும் நாடியதில் ஆண்கள் முந்தினார்கள். சில்லறை மது விற்பனையை 2003இல் அரசே கையில் எடுத்துக்கொண்ட மாநிலத்தில் இது வியப்பூட்டாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஆண்டு முழுவதும் வாய் திறக்க மாட்டார்; பிரிவு உபசார விருந்தில் இரண்டு பெக்குக்குப் பிறகு மேடையேறிப் பழைய பாட்டு முழுவதையும் பாடுவார். குடித்தால்தான் மனிதர் கலகலப்பு என்றோம். பதற்றம் முன்னே வர, குடி பின்னே வந்து சேர்வதுதான் இக்கோளாற்றில் வழக்கமான வரிசை என்பது எங்களுக்குத் தெரியாது.

அதே கட்டுரையில் என் வாதத்துக்கு ஓர் இடைஞ்சலும் இருக்கிறது: மருந்துச் சிகிச்சை பெற்றவர்களில் பெண்களே கூடுதல். மனச்சோர்வு போன்ற துணைக் கோளாறுகள் பெண்களிடம் அதிகம் என்றும் அது சொல்கிறது. அந்த வாசல் வழியாகவே அவர்கள் மருத்துவரிடம் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். தூக்கமில்லை, அழுகையாக வருகிறது என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் காதில் விழும். சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றால் விழாது.

ஜூலை 28

மாத்திரை உண்டா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உண்டு. பராக்செடின் என்ற மருந்துக்கு இக்கோளாற்றுக்கென்றே 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவ்வகை மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். மேடையேறும் முன் ப்ரொப்ரனலால் போட்டுக்கொள்கிற பழக்கமும் இருக்கிறது. அது படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. நண்பர் கொடுத்தார் என்று விழுங்கக் கூடாது. சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்பது மேலே சொன்ன தந்திரங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பார்ப்பது. கவனத்தைத் தன் நடுக்கத்திலிருந்து எதிரே இருப்பவரின் முகத்துக்குத் திருப்பப் பழகுவது. வாடிக்கையாளர் முன்னிலையிலேயே, நடுங்கினால் நடுங்கட்டும் என்று கையெழுத்திடச் சொன்னார் எனக்குச் சிகிச்சை அளித்தவர். நடுங்கியது. எதிரே நின்றவர் டிராஃப்டைத்தான் பார்த்தார், தொகை சரியாக இருக்கிறதா என்று.

எனக்குப் பணி ஓய்வு நெருங்கும்வரை இதற்கெல்லாம் போகத் தோன்றவில்லை. காரணம் கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை ஒன்று ஊருக்கு நடுவில் இருந்தும், அந்தப் பெயரை நாம் கேலிக்குத்தான் பயன்படுத்துகிறோம். அதிகமாகப் பயன்படுத்துவது ஆண்கள். எங்கள் கிளையில் யாராவது வவுச்சரைத் தப்பாகக் கட்டினால் "கீழ்ப்பாக்கத்துக்கு ஒரு டிக்கெட்" என்று முதலில் சிரிப்பவன் நானாக இருப்பேன். அதுவும் ஒரு தந்திரம்தான்.

ஆகஸ்ட் 4

பெரம்பூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: கல்லூரி படிக்கும் மகள் வகுப்பில் கருத்தரங்கு நாளன்றெல்லாம் விடுப்பு எடுக்கிறாளாம். வயிற்று வலி என்கிறாளாம். உறவினர்கள், பெண் பிள்ளைதானே, மேடை ஏறி என்ன ஆகப் போகிறது என்கிறார்களாம். அம்மா, இதே விடுப்பைத் தங்கள் மகன் எடுத்திருந்தால் எத்தனையாவது முறையில் விசாரித்திருப்பீர்களோ, அத்தனையாவது முறையில் இவளையும் விசாரியுங்கள். வயிற்று வலி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பதற்றத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும்.

எங்கே போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது. முன்பின் தெரியாதவரோடு தொலைபேசியில் பேச அஞ்சுகிற நோய்க்கு, முன்பின் தெரியாதவரோடு தொலைபேசியில் பேசுவதை முதல் படியாக வைத்திருக்கிறோம் என்பதை நானும் கவனித்தேன். எண்ணை நீங்களே அழுத்தி, முதல் இரண்டு வாக்கியங்களைப் பேசிவிட்டு அவளிடம் கொடுங்கள். அரசுப் பொது மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு நேரே போவதானால், எந்தெந்த நாள், எந்த வகுப்பு, உடம்பில் என்ன செய்தது என்று அவளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். உள்ளே போய் வாய் வராவிட்டால் தாளை நீட்டினால் போதும், அவர்கள் படித்துக்கொள்வார்கள்.